சின்ன ரெயின்போ மீனில் முழு நிறம் இருந்தால் வாங்காதீர்கள்

தைப்பூசம் முடிந்த மறு சனிக்கிழமை பன்னிரண்டு ரெயின்போ மீன்களையும் அவற்றுக்கு ஒரு தொட்டியையும் 408 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கி வந்தேன். எட்டு மாதம் ஆகிறது. இன்று உயிரோடு இருப்பவை இரண்டு. வாங்கிய அன்று கண்ணைப் பறித்த நீலமும் ஆரஞ்சும் அந்த இரண்டிலும் இல்லை. பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்துவிட்டது, ஆனால் கோபம் இன்னும் அடங்கவில்லை. பள்ளி விடுமுறை நெருங்குகிறது, பிள்ளைகள் மீன் கேட்பார்கள், அந்தக் கடையும் திறந்துதான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இப்படி விற்பவர்கள் வேறு இடத்திலும் இருக்கலாம். எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் எந்தக் கடையிலும் நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்கு வெளியே நடமாட்டம் குறைந்துவிட்டது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் நாலறை வீட்டின் ஹாலில், ஜன்னல் ஓரத்து நாற்காலிதான் பகல் முழுவதும் அவருக்கு. ஊரில் கோயில் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டதைப் பற்றி என் மகளிடம் அடிக்கடி சொல்வார். தொடக்கநிலை நான்கில் படிக்கும் அவள்தான், பாட்டிக்குக் கூட்டமாக நீந்தும் மீன் வேண்டும், நிறமுள்ள மீன் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். படத்தைக் காட்டி இதுதான் என்று அவள் தேர்ந்தெடுத்தது போசெமானி ரெயின்போ.

அவள் தேர்வில் தவறே இல்லை. வளர்ந்த ஆண் போசெமானி, முன்பாதி கருநீலமும் பின்பாதி ஆரஞ்சுமாக இருக்கும், இரண்டு மீன்களை நடுவில் ஒட்டியதுபோல. இந்தோனீசியாவின் தென்மேற்குப் பாப்புவா மாகாணத்தில், வரைபடத்தில் பறவையின் தலைபோல நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பத்தில், அயமாரு ஏரிகள் இருக்கின்றன. சுண்ணாம்புப் பாறைப் பகுதி. அங்கே 1950களில் மீன்களைச் சேகரித்த டச்சு ஆய்வாளர் மரினஸ் போசெமானின் பெயரைத்தான் 1980இல் மீன் ஆய்வாளர்கள் ஆலனும் கிராஸும் இந்த இனத்துக்கு வைத்தார்கள். இயற்கையில் இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். அப்படிப்பட்ட உயிரை விற்கிறவருக்கு அதைப் பற்றி நாலு வார்த்தை உண்மையாகச் சொல்லும் கடமை உண்டு என்று நான் நினைக்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் கேட்டேன்: இரண்டு அடித் தொட்டியில் பன்னிரண்டு போசெமானி வைக்கலாமா? பதில் உடனே வந்தது. வைக்கலாம், எல்லாம் வளர்ந்த ஆண், இதற்குமேல் வளராது. இந்த மூன்று வாக்கியங்களும் பொய் என்பது எனக்கு அப்போது தெரியாது. பின்னால் எனக்குக் கைகொடுத்தவையும் இதே மூன்று வாக்கியங்கள்தான்.

கடையில் மற்றத் தொட்டிகளுக்குச் சாதாரண வெள்ளை விளக்கு. ரெயின்போ தொட்டிக்கு மட்டும் ஊதாவும் சிவப்பும் கலந்த விளக்கு. அதன் கீழே ஏறக்குறைய முப்பது மீன்கள், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, எல்லாமே நீலமும் ஆரஞ்சுமாக மின்னின. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். கல்லாவில் இருந்த இளைஞர் தமிழ்தான் பேசினார். “அண்ணா, பெண் மீன் மங்கலாக இருக்கும், உங்களுக்கு ஆணாகவே பொறுக்கித் தருகிறேன்” என்றார். மீன் ஒன்று 18 வெள்ளி. தொட்டி, வடிகட்டி, விளக்கு சேர்ந்து 168. தண்ணீரை அன்றைக்கே தயாராக்கிவிடும் என்று சொல்லி ஒரு பாக்டீரியா திரவம் 24. குளோரின் நீக்கியை மட்டும் இலவசமாகக் கொடுத்தார், பெயர் ஒட்டாத வெள்ளைப் புட்டியில்.

பணத்தைப் பேநவ் என்ற இணையப் பணமாற்று வசதி மூலம் ஒரு கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீதாக ஒரு துண்டுத் தாள் கிடைத்தது. ‘மீன், தொட்டி, 408’ என்று எழுதி, அடியில் ‘திருப்பி எடுக்கப்படாது’ என்று முத்திரை குத்தியிருந்தார்கள். கடையின் பதிவு எண் அதில் இல்லை, மீனின் பெயரோ எண்ணிக்கையோகூட இல்லை. அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் திருவிழாதான். அம்மா நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார்.

திங்கள் காலை மீன்கள் எல்லாம் மேற்பரப்பில், வடிகட்டித் தண்ணீர் விழும் மூலையில் குவிந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. எண்ணினால் பதினொன்று. பன்னிரண்டாவதை மறுநாள் செருப்பு அலமாரிக்குப் பின்னால் கண்டெடுத்தோம், கருவாடாகக் காய்ந்திருந்தது. ரெயின்போ மீன்கள் துள்ளிக் குதிப்பவை, மூடியில்லாத தொட்டியில் அவற்றை வைக்கவே கூடாது. எனக்கு விற்ற தொட்டிக்கு மூடியும் இல்லை, மூடியைப் பொருத்த விளிம்பும் இல்லை.

மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நஞ்சு அமோனியா. செவ்வாய் மாலை வேறு கடையில் அமோனியா சோதனைப் பெட்டி வாங்கினேன். சொட்டு மருந்தை விட்டால் நீர் மஞ்சளாகவே இருக்க வேண்டும். எங்கள் தொட்டி நீர் சோதனைக் குழாயில் கரும்பச்சையாகிவிட்டது. விற்ற கடையை அழைத்தேன். தண்ணீரை முழுவதும் மாற்றுங்கள், உப்புப் போடுங்கள், மீதி பாக்டீரியா திரவத்தையும் ஊற்றுங்கள் என்றார்கள். அப்படியே செய்தேன். அதைச் செய்ததுதான் மீன்களுக்கு எமனாக வந்தது. ஏன் என்று விளக்க வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் மீன் வளர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது பொருந்தும்.

பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லக் குளோராமைன் சேர்க்கிறது. குளோரினும் அமோனியாவும் இணைந்த பொருள் அது. ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். குளோராமைன் அப்படிப் போகாது. மலிவான குளோரின் நீக்கிகளில் இருப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட். அது குளோரினை முறித்துவிட்டு அமோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். பழகிய வடிகட்டியாக இருந்தால் அதில் குடியேறிய நுண்ணுயிரிகள் அந்த அமோனியாவைத் தின்றுவிடும். புதுத் தொட்டியில் அந்த நுண்ணுயிரிகள் பெருகப் பல வாரங்கள் ஆகும். ஆக, அமோனியாவால் திணறிக்கொண்டிருந்த மீன்களுக்கு, தண்ணீரை முழுவதும் மாற்றிய கையோடு புது அமோனியாவையும் நானே ஊற்றியிருக்கிறேன். பிற்பகலில் எங்கள் ஹாலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் உயிர்வாயு குறையும், அமோனியாவின் நஞ்சோ கூடும். ‘குளோராமைனையும் அமோனியாவையும் கட்டுப்படுத்தும்’ என்று எழுதியிருக்கும் புட்டியை மட்டும் வாங்குங்கள். பெயர் ஒட்டாத புட்டியை யார் இலவசமாகக் கொடுத்தாலும் கையில் வாங்காதீர்கள்.

புதன்கிழமை மூன்று. வெள்ளிக்கிழமை இரண்டு. மறு திங்கள் இன்னும் இரண்டு. கடைசியாகப் போனவற்றின் வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருந்தது. பார்ப்பவர்கள் பூஞ்சை என்று நினைத்துக்கொள்ளும் பாக்டீரியா நோய் ஒன்று இப்படித்தான் தெரியும் என்றும், வெதுவெதுப்பான தண்ணீரில் அது மளமளவென்று பரவும் என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு மீனையும் மகள் பார்க்காத நேரத்தில் எடுத்தேன். அவள் ஒவ்வொரு மாலையும் எண்ணினாள், எண்ணிவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுவாள். ஒன்பது நாளில் மிஞ்சியவை நான்கு.

என் அறியாமைதான் காரணம் என்று நினைத்து அப்படியே விட்டிருப்பேன். சித்திரை பிறந்த வாரம், அம்மா தொட்டியைப் பார்த்தபடி, “தம்பி, சாயம் போகிற சேலை மாதிரி அல்லவா இருக்கிறது இந்த மீன்” என்றார். தினமும் பார்க்கிற எனக்குத் தெரியாமல் போனது, நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த அவருக்குத் தெரிந்துவிட்டது. வாங்கிய அன்று எடுத்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆரஞ்சு வெளிறி மஞ்சளாகி, மஞ்சளும் கரைந்து வெள்ளியாகிவிட்டிருந்தது. நான்கிலும் அப்படியே.

மனைவியின் அலுவலகத் தோழிக்கு மாமா ஒருவர் இருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ரெயின்போ மீன்களை மட்டுமே வளர்ப்பவர். கூப்பிட்டதும் வந்தார். எதுவும் பேசாமல் என் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, கண்ணைப் பாருங்கள்” என்றார். “உடம்புக்குக் கண் எவ்வளவு பெரியதாக இருக்கிறது! இது குஞ்சின் கண். வளர்ந்த போசெமானிக்கு முதுகு மேடேறி உடம்பு அகலமாகிவிடும், தலை சிறுத்துத் தெரியும். இது இன்னும் ஈர்க்குச்சியாக இருக்கிறது.”

முதுகுத் துடுப்பையும் காட்டினார். ரெயின்போவுக்கு முதுகில் இரண்டு துடுப்புகள். ஆணுக்கு முன் துடுப்பின் நுனி நீண்டு பின் துடுப்பின் அடியைத் தொடும் அல்லது தாண்டும். பெண்ணுக்குக் குட்டையாக நின்றுவிடும். எங்கள் நான்கில் இரண்டு பெண். எல்லாம் ஆண் என்று சொல்லி விற்றவர்களின் மீனில் பாதி பெண்!

அவர் சொன்னதன் சாரம் இது. போசெமானிக் குஞ்சுகள் வெள்ளி நிறத்தில்தான் இருக்கும். பல மாதம் வளர்ந்து, ஐந்தாறு சென்டிமீட்டரைத் தொட்ட பிறகுதான் ஆணில் நிறம் ஏறத் தொடங்கும். முழு நிறம் வர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். பெண்ணுக்கு அந்த ஆழ்ந்த நிறம் வருவதே இல்லை. நான்கு சென்டிமீட்டரில் ஆண், பெண் எல்லாம் ஒரே சீராக மின்னினால், தீவனத்திலோ தண்ணீரிலோ ஆண் ஹார்மோன் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். விற்பனைக்காக அலங்கார மீன்களுக்கு இப்படிச் செய்வது உலகம் முழுவதும் நடக்கிற பழைய வேலை. கொடுப்பதை நிறுத்தியதும் சில வாரங்களில் நிறம் கரைந்துவிடும். அந்த மீன்கள் மலடாகவும் போகலாம். ஆய்வகத்தில் பார்க்காமல் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றும் அவர் சொன்னார், அதையும் நான் மறைக்கவில்லை. பண்ணையில் செய்தார்களா, நடுவில் யாராவது செய்தார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் குஞ்சை வளர்ந்த மீன் என்றும் பெண்ணை ஆண் என்றும் சொன்னது கடைதான். பத்து சென்டிமீட்டர் வரை வளரும் மீனை இதற்குமேல் வளராது என்று எழுதிக் கொடுத்ததும் கடைதான். எனக்கு விற்ற தொட்டியின் கொள்ளளவு 65 லிட்டருக்கும் குறைவு. பன்னிரண்டு போசெமானிக்கு நான்கு அடித் தொட்டி வேண்டும், அதாவது இருநூறு லிட்டருக்கு மேல். நிறைய நீந்துகிற மீன் அது.

நான்கில் ஒன்றுக்கு முதுகெலும்பு வளையத் தொடங்கியிருப்பதையும் அவர்தான் முதலில் பார்த்தார். சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனது அது, பின்னர் இன்னொன்றும். மீன் காசநோயாக இருக்கலாம் என்றார், ரெயின்போக்களுக்கு அது எளிதில் வரும். இதைப் பெற்றோர் கவனமாகப் படியுங்கள். அந்தக் கிருமி மனிதத் தோலுக்கும் வரக்கூடியது. கையில் வெட்டுக்காயமோ சிராய்ப்போ இருந்தால் தொட்டிக்குள் கையை விடாதீர்கள், பிள்ளைகளும் கையை விட அனுமதிக்காதீர்கள். கையில் ஆறாத கட்டி வந்தால், வீட்டில் மீன் வளர்க்கிறோம் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போது நீளக் கையுறை இல்லாமல் யாரும் தொட்டியைத் தொடுவதில்லை.

வாங்கிய அன்று எடுத்த படத்தையும் நிறம் போன பிறகு எடுத்த படத்தையும் கொண்டு கடைக்குப் போனேன். கல்லாவில் அதே இளைஞர், உள்ளே உரிமையாளர். “சார், மீன் உயிருள்ள பொருள். கடை வாசலைத் தாண்டிவிட்டால் எங்கள் பொறுப்பில்லை” என்றார் உரிமையாளர். மீன்கள் செத்ததைப் பற்றி நான் கேட்க வரவில்லை, சொன்னதும் கொடுத்ததும் வேறு வேறு என்பதைக் கேட்க வந்தேன் என்றேன். கடையில் வேறு ஏதாவது எடுத்துக்கொள்ள 50 வெள்ளி தள்ளுபடி தருகிறேன் என்றார். தலை குனிந்து நின்ற அந்த இளைஞர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திடம் முதலில் ஆலோசனை கேட்டேன். பிறகு சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டேன். பலர் இந்தப் பெயரைக் கேட்டதும் வழக்கா, வக்கீலா என்று மிரண்டுவிடுகிறார்கள். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளவே முடியாது, நாமேதான் பேச வேண்டும். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டிய தொகை 10 வெள்ளி. 20,000 வெள்ளி வரை கேட்கலாம், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், மனுவை இணையத்திலேயே கொடுத்துவிடலாம். எனக்குச் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. யார் மீது மனு? ரசீதில் பதிவு எண் இல்லை, பணம் போனதோ தனிநபர் எண்ணுக்கு. கடையின் பெயர்ப்பலகையை வைத்து நிறுவனப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

ஜூலையில் சமரசப் பேச்சிலேயே முடிந்துவிட்டது. தொட்டித் தொகுப்புக்கும் பாக்டீரியா திரவத்துக்கும் கொடுத்த 192 வெள்ளியைத் தொட்டியை வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். இரண்டு அடித் தொட்டி போதும் என்ற வாட்ஸ்அப் பதிலுக்கு அவர்களால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. மீனுக்கான 216 வெள்ளி போனது போனதுதான். ரசீதில் மீனின் பெயரும் அளவும் இல்லை, செத்த மீன்களை நான் படம் எடுக்கவும் இல்லை. என் வேலை நாள்களையும் அலைச்சலையும் எண்ணி அத்தோடு ஒப்புக்கொண்டேன்.

ரெயின்போ வாங்கப் போகிறவர்கள் வெள்ளி நிறக் குஞ்சுகளைக் கேளுங்கள். ஆணும் பெண்ணும் கலந்து ஆறு எட்டு வாங்குங்கள். வண்ண விளக்கை அணைக்கச் சொல்லி வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். தொட்டியை முதலில் வாங்கி வடிகட்டியை ஓடவிட்டு, அமோனியாவும் அதிலிருந்து உருவாகும் நஞ்சான நைட்ரைட்டும் இல்லை என்று சோதித்த பிறகு மீனுக்குப் போங்கள். இனத்தின் பெயர், எண்ணிக்கை, அளவு, கடையின் பதிவு எண் எல்லாம் ரசீதில் இருக்கட்டும். வளர்க்க முடியாமல் போனால் நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ மட்டும் விடாதீர்கள், அது சட்டப்படி குற்றம், மீனுக்கும் நல்லதில்லை.

மிஞ்சிய இரண்டும் இப்போது மூடி போட்ட மூன்று அடிப் பழைய தொட்டியில் இருக்கின்றன. நோய் பயத்தால் அவற்றோடு வேறு எதையும் சேர்க்கவில்லை. அம்மா வேளை தவறாமல் பொடித் தீவனம் போடுகிறார், இவற்றின் தொண்டை சிறியது என்று பெரியவர் சொன்னதிலிருந்து விரலால் நசுக்கிப் போடுகிறார்.

போன வாரம் வேலை முடிந்து வரும்போது அந்தக் கடையைக் கடந்தேன். அதே ஊதா விளக்கு. அதன் கீழே இந்த முறை சிவப்பு ரெயின்போ, பாப்புவாவின் செந்தானி ஏரியைச் சேர்ந்த இனம். அதில் வளர்ந்த ஆண் மட்டும்தான் சிவக்கும், பெண்ணும் குஞ்சும் மங்கலாகவே இருக்கும். அங்கே விரல் நீளக் குஞ்சுகள் அத்தனையும் இரத்தச் சிவப்பு. கடையிலிருந்து ஒருவர் மகனோடு வெளியே வந்தார். பையன் கையில் காற்று அடைத்துக் கட்டிய பை, உள்ளே எட்டு. என்னால் சும்மா போக முடியவில்லை. நிறுத்தி, வீட்டில் தொட்டி எவ்வளவு நாளாக ஓடுகிறது என்று கேட்டேன். “இன்றுதான் வாங்கினேன், பின்னால் டாக்சியில் இருக்கிறது” என்றார். பையன் பையைத் தூக்கி என்னிடம் காட்டினான். குளோராமைனுக்கான புட்டியின் பெயரையும், அமோனியா சோதனைப் பெட்டி எங்கே கிடைக்கும் என்பதையும், இன்றிரவே தொட்டியின் மேல் எதையாவது மூட வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் கைப்பேசியை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். நிறத்தைப் பற்றிப் பையன் முன்னால் நான் எதுவும் சொல்லவில்லை.